பெற்ற குற்றமா, வளர்த்த குற்றமா?

தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கல்லூரியில் படிக்கிறாள். இளையது பத்தாம் வகுப்பு, 15 வயது. ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார்களாம். கணவர் பதினோரு வருடமாகக் குவைத்தில். வீட்டில் இவர், மகள், மாமியார், கல்யாணமாகாத நாத்தனார் என்று எல்லோரும் பெண்கள். போன தீபாவளிக்கு எடுத்த பேன்ட் சட்டையை இளையது உறையைவிட்டே எடுக்கவில்லை. அன்று ராத்திரி இவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று, "அம்மா, நான் பையன் இல்லம்மா. உள்ளுக்குள்ள எப்பவுமே பொண்ணாத்தான் இருக்கேன்" என்று சொல்லியிருக்கிறது. இவர் திரும்பிப் பார்க்காமலே "போய்ப் படு" என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டு வார்த்தையை நினைத்து இன்றுவரை தூக்கம் இல்லை என்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். கருத்தரித்த நாலாம் மாதம் உதிரம் பட்டபோது போட்ட ஊசிதான் காரணம் என்கிறார் மாமியார். பொம்பளைகள் நடுவில் வளர்ந்ததால் வந்தது என்கிறார் கொழுந்தனார். செல்போனில் பார்த்துப் படித்தது என்கிறார் நாத்தனார். இவருக்கோ வேறொரு சந்தேகம். மூன்று வயதில் மொட்டை போடுவதற்கு முன்னால், வளர்ந்த முடியைச் சடையாகப் பின்னி, பூ வைத்து, அக்காவின் பாவாடையைக் கட்டிவிட்டு ஸ்டூடியோவில் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தைப் போன மாதம் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார்.

ஒரு நகரத்தில் ஊசியும் கவுன்சலிங்கும் கொடுத்து ஆறு மாதத்தில் "சரிசெய்து" தருகிற ஒருவர் இருப்பதாகக் கொழுந்தனார் சொல்கிறார். இல்லையென்றால் பதினொன்றாம் வகுப்புக்குக் கண்டிப்பான ஆண்கள் விடுதியில் சேர்க்க வேண்டுமாம். கணவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. "இது நான் பெத்த குத்தமா, வளத்த குத்தமா டாக்டர்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள அம்மா,

உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன்னால், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் நான்கு விஷயங்களைப் பேசியாக வேண்டும். பிள்ளை பள்ளிக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோவதில்லை. சாயங்காலம் வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் பாத்ரூமுக்கு ஓடுகிறது. நீர்க்கடுப்பு என்று இந்த வருடம் இரண்டு தடவை மருந்து வாங்கியிருக்கிறீர்கள். பங்குனி வெயிலிலும் வீட்டுக்குள்ளேயே முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டிருக்கிறது. இவற்றையெல்லாம் "சொல்பேச்சுக் கேட்பதில்லை" என்ற பட்டியலில் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு அது வேறு மாதிரி தெரிகிறது. பையன்கள் கழிப்பறையில் என்ன நடக்கும் என்று பயந்து, காலை எட்டு மணியிலிருந்து சிறுநீரை அடக்கிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டிவரும் என்று குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். முழுக்கைச் சட்டைக்குள் பிளேடு கீறல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கையைப் பிடித்து இழுத்துப் பார்க்காதீர்கள். தனியாக இருக்கும் நேரம் பார்த்து, "கையில ஏதாவது பண்ணிக்கிறியா கண்ணு? செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பல அம்மாக்கள் பயப்படுவார்கள். அப்படி ஆவதில்லை. கேட்க ஓர் ஆள் இருக்கிறது என்பதே அந்தப் பிள்ளைக்குப் பெரிய ஆறுதல். "ஆமாம்" என்று பதில் வந்தால் அன்றைக்கே மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரி நேரமானால் 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. தோட்டத்துக்கு வாங்கிவைத்த பூச்சிமருந்தையும் மாமியாரின் மாத்திரைகளையும் இன்றே பூட்டி வையுங்கள்.

இனி உங்கள் கேள்வி.

ஸ்டூடியோ படம்

மொட்டைக்கு முன்னால் ஆண் குழந்தைக்குச் சடை பின்னிப் பூ வைத்துப் படம் எடுக்காத குடும்பம் நம் பக்கத்தில் எத்தனை இருக்கும்? எங்கள் வீட்டிலேயே என் தம்பிக்கு அப்படி ஒரு படம் இருக்கிறது. மை தீட்டி, நெற்றிச்சுட்டி வைத்து, முறைத்துக்கொண்டு நிற்பான். இன்று அவனுக்கு இரண்டு பிள்ளைகள். தான் ஆண் என்பதில் அவனுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வளைகுடாவுக்குப் போன அப்பாக்களின் பிள்ளைகள் அம்மா, பாட்டி, அத்தை கையில்தான் வளர்கிறார்கள். பெண்கள் நடுவில் வளர்வதால் இப்படி ஆகும் என்றால், நம் ஊர்களில் தெருவுக்குப் பத்துப் பேராவது இருக்க வேண்டும்.

வளர்ப்பால் ஒரு குழந்தையின் பாலின உணர்வை மாற்ற முடியுமா என்று உலகம் ஒருமுறை, மிகக் கொடுமையான விதத்தில், சோதித்தே பார்த்துவிட்டது. கனடாவின் வின்னிபெக் நகரில் 1965இல் இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தன. எட்டு மாதத்தில் முன்தோல் நீக்கும்போது நடந்த விபத்தில் ஒரு குழந்தையின் உறுப்பு கருகிப்போனது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜான் மணி என்ற உளவியலாளர், சிறு வயதில் எப்படி வளர்க்கிறோமோ அப்படித்தான் பாலின அடையாளம் அமையும் என்று உறுதியாக நம்பியவர். அவர் சொன்னபடி, இரண்டு வயது நிறைவதற்குள் விரைகளை அகற்றி, பிரெண்டா என்று பெயரிட்டு, பெண் குழந்தையாகவே வளர்த்தார்கள். பருவ வயதில் பெண் ஹார்மோனும் கொடுத்தார்கள். அந்தக் குழந்தையோ கவுனைக் கிழிக்கப் பார்த்தது, நின்றுகொண்டுதான் சிறுநீர் கழிப்பேன் என்றது, பள்ளியில் எல்லோருடைய கேலியையும் வாங்கிக்கொண்டு தனியாக நின்றது. 14 வயதில் அப்பா உண்மையைச் சொன்னதும், டேவிட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஆணாக வாழத் தொடங்கியது. டேவிட் ரைமர் 2004இல், தம் 38ஆவது வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குக் காரணங்கள் பல இருந்தன. ஆனால் சிறு வயதில் பட்ட அந்தக் காயம் கடைசிவரை ஆறவில்லை.

யோசித்துப் பாருங்கள் அம்மா. பெயர் பெற்ற நிபுணர், அறுவை சிகிச்சை, ஹார்மோன், பெற்றோர், பள்ளிக்கூடம் எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு வருடம் முயன்றும் ஒரு பிள்ளையைப் பெண்ணாக உணரவைக்க முடியவில்லை. ஒரு மத்தியானம் நீங்கள் கட்டிவிட்ட பாவாடையா அதைச் செய்திருக்கும்?

ஊசியும் பிறவியும்

அப்படியானால் எல்லாம் பிறவியிலேயே எழுதியிருக்கிறது என்று சொல்லிவிடலாமா? அதுவும் அவ்வளவு எளிதில்லை. டேவிட்டுக்கு நேர்ந்தது போன்ற விபத்துக்கே ஆளாகி, பெண்ணாக வளர்க்கப்பட்ட இன்னொரு குழந்தை, பெரியவளான பிறகும் தன்னைப் பெண்ணாகவே உணர்ந்ததை மருத்துவ இதழில் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒரு கதையை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன்.

டொமினிக்கன் குடியரசில் சில கிராமங்கள் உண்டு. அங்கே ஒரு மரபணுக் குறைபாட்டால் சில ஆண் குழந்தைகள் பார்ப்பதற்குப் பெண் குழந்தை போலவே பிறப்பார்கள், பருவம் வந்ததும் உடல் ஆணுடலாக மாறும். பெண்ணாகவே வளர்க்கப்பட்ட 18 பேரை ஆராய்ந்து 1979இல் எழுதினார்கள். அவர்களில் 17 பேர் பருவ வயதுக்குப் பிறகு தங்களை ஆணாகவே உணர்ந்தார்கள். பாவாடை கட்டி வளர்ந்த வருடங்கள் அவர்களைத் தடுக்கவில்லை. அந்த ஊர்க்காரர்கள் இவர்களுக்கென்று ஒரு பெயரே வைத்திருந்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

இரட்டையர்களை வைத்தும் பார்த்திருக்கிறார்கள். ஒருவராவது எதிர்ப் பாலின உணர்வு கொண்டிருந்த இரட்டையர்களை 2012இல் தொகுத்தபோது, ஒரே கருவிலிருந்து பிரிந்த 23 ஜோடிகளில் 9 ஜோடிகளில் இருவருக்குமே அந்த உணர்வு இருந்தது. தனித்தனிக் கருவாக உருவான ஒரே பால் இரட்டையர் 21 ஜோடிகளில் ஒன்றில்கூட இல்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு என்று இதிலிருந்து தெரிகிறது. மீதி 14 ஜோடிகளில் ஒருவருக்கு மட்டும்தானே இருந்தது, அதனால் மரபணு மட்டுமே காரணம் இல்லை என்பதும் தெரிகிறது. கருப்பையில் ஹார்மோன்கள் மூளையைத் தொடும் விதம் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. பிறப்புறுப்பு உருவாவது முதல் சில மாதங்களில். மூளையின் வளர்ச்சி அதற்குப் பிறகும் நெடுநாள் நடக்கிறது. இரண்டும் ஒரே திசையில்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இங்கே உங்கள் மாமியார் "அதான் சொன்னேன், ஊசி!" என்பார். உதிரம் பட்டபோது உங்களுக்குக் கொடுத்தது பெரும்பாலும் கருவைத் தாங்கும் புரோஜெஸ்டிரோன் ஊசியாக இருக்கும். லட்சக்கணக்கான தாய்மார்கள் போட்டுக்கொண்டது அது. அதனால் பிள்ளையின் பாலின உணர்வு மாறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அட்ரீனல் சுரப்பிக் கோளாறு ஒன்றில், பெண் சிசுவின் உடலில் கருவிலேயே ஆண் ஹார்மோன் மிக அதிகமாகச் சுரக்கும். அப்படிப் பிறந்து பெண்ணாக வளர்ந்த 250 பேரைப் பற்றிய பதிவுகளை 2005இல் தொகுத்தார்கள். சிறு வயதில் இவர்களில் பலருக்குப் பையன்களின் விளையாட்டுதான் பிடிக்கும். ஆனாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் தங்களைப் பெண்ணாகவே உணர்ந்தார்கள். அவ்வளவு ஹார்மோனே ஒருவரின் உணர்வைத் தானாகத் தீர்மானித்துவிடுவதில்லை. கருவைக் காப்பாற்றப் போட்டுக்கொண்ட ஊசிக்காக நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை. அந்த ஊசியால்தான் இந்தப் பிள்ளை உயிரோடு பிறந்திருக்கிறது என்றுகூட இருக்கலாம்.

சூழல் செய்யும் வேலை

சூழலுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரிய வேலை இருக்கிறது, நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. உள்ளே இருக்கும் உணர்வைச் சொல்ல வார்த்தை கொடுப்பது சூழல்தான். அந்தக் கிராமத்தார் ஒரு பெயர் வைத்திருந்தார்கள் என்றேனே, நம்மிடமும் திருநங்கை, திருநம்பி என்று மரியாதையான சொற்கள் இருக்கின்றன. உங்கள் நாத்தனார் நினைப்பதுபோல இது செல்போனோடு வந்து இறங்கியதும் இல்லை. தொல்காப்பியமே இப்படிப்பட்டவர்களை உயர்திணையில் வைத்து இலக்கணம் சொல்கிறது. செல்போனிலிருந்து பிள்ளை கற்றுக்கொண்டது சொல்லைத்தான். ஆனால் செல்போனில் வேறு ஆபத்து இருக்கிறது. முகம் தெரியாத ஆட்களின் பேச்சைக் கேட்டு, பெண் ஹார்மோன் இருக்கிறதே என்று கருத்தடை மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கித் தாமாகவே விழுங்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலின் ரத்தக்குழாயிலும் நுரையீரலிலும் ரத்தம் உறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். திட்டாமல் இதைப் பேசிவையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மென்மையாகப் பேசுகிற, கோலம் போடப் பிடிக்கிற பையன் எல்லாம் திருநங்கை இல்லை. சிலர் அப்படியே ஆணாக வளர்வார்கள், சிலர் ஆணை விரும்பும் ஆணாக இருப்பார்கள். உங்கள் பிள்ளையின் விஷயத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது கோலமோ சடையோ இல்லை. "எப்பவுமே" என்று அது சொன்ன வார்த்தை. பருவ வயதில் அந்த உணர்வு மங்காமல் வலுத்திருக்கிறது என்று உங்கள் கடிதமே காட்டுகிறது. ஆனாலும் 15 வயதில் கடைசி முடிவு எதையும் யாரும் எழுதிவைக்க வேண்டாம், நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம். பாலின அடையாளம் பிறந்தபோது சொன்னதிலிருந்து வேறுபடுவது மனநோய்ப் பட்டியலிலேயே இப்போது இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று, 2022இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டில் அதை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். பிள்ளைக்கு இருக்கும் தூக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும்தான் வைத்தியம்.

"ஆறு மாதத்தில் சரிசெய்கிறேன்" என்பவர்

இவரிடம் போகவே போகாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. அவர் போடப்போகும் ஊசி அநேகமாக ஆண் ஹார்மோன். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு ஆண் ஹார்மோன் குறைவாக இருப்பதில்லை. மற்றப் பையன்களுக்கு இருக்கும் அளவில்தான் இருக்கும். மேலும் ஏற்றினால் குரல் உடைவதும் மீசை அடர்வதும் வேகமாகும். கண்ணாடி பார்க்கவே கூசும் பிள்ளைக்கு அது தினசரிச் சித்திரவதை. உணர்வு கடுகளவும் மாறாது.

சட்டமும் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. பாலின அடையாளத்தை மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடைசெய்து சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் உத்தரவிட்டார். அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம், அப்படிச் செய்வது தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது. அதாவது, அந்த ஆள் உண்மையான மருத்துவராகவே இருந்தாலும் மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். கொழுந்தனாரிடம் வாதாட உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், "கோர்ட்டே கூடாதுன்னு சொல்லியிருக்கு, கேஸாயிடும்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். பல வீடுகளில் விளக்கத்தைவிட அது வேலை செய்கிறது.

விடுதி, பள்ளி, அப்பா

ஆண்கள் விடுதி என்பது பகலில் எட்டு மணி நேரம் படும் பாட்டை இருபத்துநான்கு மணி நேரமாக நீட்டுவது. குளியல், படுக்கை, கழிப்பறை எல்லாம் அங்கே பொது. அப்படிச் சேர்க்கப்பட்ட பிள்ளைகள் ஒருநாள் சுவர் ஏறிக் குதித்து எங்கோ போய்விடுவார்கள். போன இடத்தில் கையில் காசும் துணையும் இல்லாதபோது, மருத்துவர் அல்லாதவர்களிடம் ஆபத்தான அறுவை செய்துகொள்கிறவர்களும் உண்டு. பிள்ளை வீட்டைவிட்டுப் போய்விடக் கூடாது என்பதற்காக விடுதி என்கிறீர்கள். விடுதிதான் அதற்கு வழி திறந்துவிடும். உங்கள் ஊரிலேயே, முடிந்தால் இருபாலர் பள்ளியில், பதினொன்றாம் வகுப்பு சேருங்கள்.

பொதுத்தேர்வு முடியும்வரை பள்ளியில் பெரிதாக எதையும் கிளப்ப வேண்டாம். நம்பிக்கையான ஓர் ஆசிரியையிடம் மட்டும் போய், காரணத்தை விரித்துச் சொல்லாமல், "பையன்கள் கேலி பண்றாங்க, ஸ்டாஃப் பாத்ரூமைப் பயன்படுத்த விடுங்க" என்று கேளுங்கள். மருத்துவர் சான்று வேண்டுமென்றால் நீர்க்கடுப்புக்கு வைத்தியம் பார்த்தவரே எழுதித் தருவார். திருநர் என்பதற்காகப் பள்ளியில் பாகுபாடு காட்டுவதை 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. அந்தக் காரணத்துக்காக ஒரு பிள்ளையை, நீதிமன்ற உத்தரவு இல்லாமல், பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்றும், வீட்டைவிட்டுத் துரத்துவது தண்டனைக்குரிய குற்றம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இவை இப்போதைக்கு உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

கணவரிடம் சொல்வதை நீங்கள் தள்ளிப்போடுவது புரிகிறது. ஆனால் கொழுந்தனார் வாயிலிருந்து அவர் கேட்டால் நிலைமை கெட்டுவிடும். பிள்ளையிடம் முதலில் கேளுங்கள், "அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று. சம்மதித்தால், வேலை முடிந்து அவர் அறையில் தனியாக இருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை பேசுங்கள். முதல் பேச்சில் பிள்ளை சாப்பிடாததும் தூங்காததும் போதும், மீதியை அடுத்தடுத்துச் சொல்லலாம். கத்துவார், உங்களைத்தான் குறை சொல்வார். அப்போது இந்தப் பதிலை அவருக்கு அனுப்பிவையுங்கள்.

எதிர்காலத்தில் சிகிச்சை என்று ஒன்று வேண்டியிருக்குமா என்பது வளர்ந்த பிறகு பிள்ளை எடுக்க வேண்டிய முடிவு. 18 வயதுக்கு முன் அறுவை சிகிச்சை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதன்பின் வேண்டுமென்றால் மனநல மருத்துவரும் ஹார்மோன் சிகிச்சை மருத்துவரும் சேர்ந்து பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலேயே அதை இலவசமாகச் செய்கிறார்கள். ஆகவே வீடு விற்க வேண்டியதில்லை, ரகசியமாக எங்கும் ஓட வேண்டியதும் இல்லை.

இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். தீபாவளி ராத்திரி விட்ட இடத்திலிருந்து பேச்சை மறுபடி எடுங்கள். "அன்னிக்கு நீ சொன்னப்ப எனக்கு ஒண்ணும் புரியலை, பயந்துட்டேன். இப்ப சொல்லு, கேக்குறேன்" என்றால் போதும். நடுவில் அழுகை வந்தால் அழுங்கள், அதில் தப்பில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டிருந்தீர்கள். தம்பி என்று கூப்பிட்டால் முகம் சுருங்குகிறது, பாப்பா என்று கூப்பிட உங்களுக்கு நாக்கு எழவில்லை. நம் மொழியில் பிள்ளை என்றும் கண்ணு என்றும் இரு பாலுக்கும் பொதுவான சொற்கள் இருக்கின்றன. கடிதம் முழுக்க நீங்களே அறியாமல் "என் பிள்ளை" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். நானும் அதனால்தான் அப்படியே எழுதினேன். அதையே வைத்துக்கொள்ளுங்கள், வேறு பெயர் வேண்டும் என்று தோன்றினால் பிள்ளையே சொல்லும்.

மனநல மருத்துவரிடம் போகும்போது முதல் அரைமணி நேரம் பிள்ளை தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். "மாத்திடுவீங்களா டாக்டர்?" என்று பிள்ளை முன்னால் கேட்க வேண்டாம். போகிற வழியில் அந்த ஸ்டூடியோ இருந்தால் எட்டிப்பாருங்கள். பழைய படங்களின் நெகட்டிவைப் பல ஸ்டூடியோக்காரர்கள் பத்திரமாக வைத்திருப்பார்கள். கிடைத்தால் ஒரு பிரதி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.